வெள்ளைப் பூ வந்தது, சர்ட்டிபிகேட்டை நான் கொடுக்கவில்லை

பழவங்காடி யானைமுகத்து ஐயனுக்கு நமஸ்காரம். அவரோடு சண்டை போட்டு வாங்கிய பதிலைச் சொல்ல வந்திருக்கிறேன். நம் சதுர்த்தி பஜனையில் அனுபவம் சொல்பவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குக் கண்ணீர் வராது, கோபம்தான் வரும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஓணத்தை நினைத்தால் காது சூடாகிறது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் பொறுத்துக்கொண்டார்.

1999ஆம் வருஷம், ஆவணி மாதம். நான் நர்சிங் படித்து முடித்துக் கேரளத்தில் ரெஜிஸ்டர் செய்து, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். பேரு இசக்கியம்மாள். படித்த இடத்தில் வாத்தியார்கள் முதல் நோயாளிகள் வரை அந்தப் பேரைக் கடித்துத் துப்பினார்கள். நான் மாற்றவில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் தோவாளைப் பக்கம். அப்பா பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, பழவங்காடி முக்கில் பூக்கடை போட்டார். விடியும் முன்னே தோவாளைச் சந்தையிலிருந்து பூ வரும். அப்பா மாலை கட்டுவார், அம்மா சரம் தொடுப்பார். நானும் எழுதப் பழகும் முன்பே பூத் தொடுக்கப் பழகினவள்தான்.

நகரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். அந்த ஆஸ்பத்திரியின் முன் ஹாலில் ஒரு பெரிய கிருஷ்ணன் படம் உண்டு. அந்தப் படத்துக்குத் தினமும் மாலை போடுவது எங்கள் அப்பா. மழையானாலும் பந்த் ஆனாலும் அப்பா மாலையோடு போய்விடுவார். அங்கே இருந்த மானேஜர்தான் ஒருநாள் அப்பாவிடம் சொன்னார், புது நர்சுகளுக்கு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கி நடத்துகிறோம், உங்கள் மகளை அனுப்புங்கள் என்று. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னை உட்காரவைத்து, காலி மாலைக் கூடையைக்கூட இறக்கிவைக்காமல் சொன்னார்.

திட்டம் நல்ல திட்டம். அதை நான் மறைக்க மாட்டேன். ஒரு வருஷம் பயிற்சி. தீவிர சிகிச்சைப் பிரிவு, தியேட்டர், டயாலிசிஸ் எல்லாம் சுற்றி வரலாம். பக்கத்தில் ஒரு சீனியர் நர்ஸ் நின்று சொல்லித் தருவார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும். நான் படித்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளியில். வென்டிலேட்டரைப் புத்தகத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. ஊசி போடுவேன், கட்டுப் போடுவேன். மூச்சு நின்றுகொண்டிருக்கிற ஒரு மனுஷனை என் கையில் கொடுத்தால் என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு உள்ளே இருந்தது. இந்தப் பயிற்சி எனக்கு வேண்டும். வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்பதுபோல வேண்டும்.

ஆனால் ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. என் எஸ்.எஸ்.எல்.சி. புக், நர்சிங் டிப்ளமோ, ரெஜிஸ்ட்ரேஷன், எல்லாவற்றின் ஒரிஜினலையும் ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். மூன்று வருஷமும் முடிந்தால்தான் கைக்கு வரும். நடுவில் போனால் நாங்கள் கனவிலும் பார்க்காத ஒரு தொகையைக் கட்ட வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் ஓடிப்போகிறவள் என்று வாசலிலேயே முடிவு கட்டிவிட்டார்களா? நான் கையெழுத்துப் போட்டால் நிற்பேன். என் கையெழுத்தை நம்பாதவன் என் கையில் எப்படி ஒரு உயிரை நம்பிக் கொடுப்பான்? இதை அப்பாவிடம் கேட்டேன்.

"பீரோ நம்ம தகரப் பெட்டிய விடப் பத்திரம்தானே மக்கா" என்றார் அப்பா. "நீயும் எங்கயும் போகப்போறதில்ல. பின்னே என்னத்துக்குப் பயப்படுக?"

"பயம் இல்லப்பா. அது எனக்கச் சாதனம். நான் படிச்சு வாங்கினது. அவங்க ஏன் பூட்டணும்?"

"எல்லாப் பிள்ளைகளும் குடுக்குதுல்லா."

"எல்லாரும் குடுத்தா சரி ஆயிருமா?"

அப்பா எழுந்து போய் மாலைக் கூடையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவின கூடை. அவர் மனசில் ஓடியது எனக்குத் தெரியும். மானேஜர் தானாகக் கூப்பிட்டுச் சொன்ன வாய்ப்பு. மகள் மாட்டேன் என்றால் நாளைக்கு அந்த ஹாலில் எந்த முகத்தோடு மாலை போடுவது? அந்த மாலை எங்கள் கடையின் நிலையான வியாபாரம். மற்றதெல்லாம் காற்று, மழை, முகூர்த்தத்தைப் பொறுத்தது. அப்பா இதை வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். சொல்லாமல் கூடையைக் கழுவினதுதான் என்னைக் கொன்றது.

கையெழுத்துப் போட ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் குறித்திருந்தார்கள். அம்மா, சித்தப்பா, பக்கத்துக் கடை அண்ணாச்சி, எல்லோரும் ஒரே பாட்டு. கிடைத்ததை விடாதே. கடவுள் காட்டின வழி. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிந்தது. மானேஜர் காட்டின வழியைக் கடவுள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

அந்த நாளுக்கு முன்னே ஒரு சாயந்திரம் கோயிலுக்குப் போனேன். நம் பழவங்காடியில் எல்லோரும் என்ன செய்வார்கள்? தேங்காய் வாங்கி ஓங்கி உடைப்பார்கள். தடை உடையட்டும் என்று வேண்டுவார்கள். நான் தேங்காய் வாங்கவில்லை. வெறுங்கையோடு அவர் முன்னால் நின்றேன். மனசுக்குள் கத்தினேன்.

"இங்க பாரும். ஒம்ம வாசல்ல பூ வித்து எங்க அப்பா தலை நரைச்சாரு. ஒமக்கு வைக்கிற கதம்பம் எங்க கடையிலேருந்துதான் வருது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒமக்கு என்ன கஷ்டம்? நான் கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா? வேண்டாம்னா அப்பா ஒடஞ்சிருவாரு. போட்டா நான் ஒடஞ்சிருவேன். பதில் வார வரைக்கும் தேங்காய் கெடையாது."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்து நகர்ந்து நின்றார். அவ்வளவு கோபம் முகத்தில் இருந்திருக்கும். பிரசாதம் வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா முடிவு கட்டிவைத்திருந்தார். பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது முதல் கிணறு வெட்டுவது வரை இப்படித்தான்.

அம்மா ஒரு பொட்டலத்தில் மல்லியும் இன்னொன்றில் செவ்வரளியும் கட்டி, விளக்கு முன்னால் வைத்து, கண்ணை மூடித் தானே ஒன்றை எடுத்தார். பிரித்தால் மல்லி.

"பாத்தியா, வெள்ள!" என்று துள்ளினார்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "எம்மா, மல்லி இலைக்குள்ள இருந்தா ஒனக்க மூக்குக்குத் தெரியாதா? சாமி எடுத்தது இல்ல, ஒனக்க மூக்கு எடுத்தது."

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிருக்கிறது. சரி என்று, வாசம் இல்லாத இரண்டாக எடுத்துக் கட்டினார். வெள்ளரளியும் செவ்வரளியும். இந்தத் தடவை அப்பாவை எடுக்கச் சொன்னோம். அப்பா இரண்டு பொட்டலத்தின் மேலும் விரலை வைத்தவுடன் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எடுக்க மாட்டேன். எது எதுன்னு வெரலுக்குத் தெரியுது" என்றார்.

அப்படித்தான். இலைக்கு மேல் தொட்டாலே இதழ் தடிப்பா மெலிசா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்துக் கடைக்காரரும் பூக்காரர், எதிர்க்கடைக்காரியும் பூக்காரி. அந்த வரிசையில் பூவை அறியாத கை ஒன்றுகூடக் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் பூக்கட்டிப் பார்க்கப் பூக் கொடுக்கிற நாங்கள், எங்களுக்கென்று ஒரு பூ எடுக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தோம். இதை இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்கு அதிலும் கோபம்தான். பதில் சொல்வதற்கு ஒரு வழி இருந்தது, அதையும் அடைத்துவிட்டாரே என்று.

மறுநாள் சாயந்திரம் அம்மா அந்தப் பொட்டலங்களை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அறியாத ஆள் ஒருத்தரை எடுக்கச் சொல்வோம் என்றார். ஓணக் கூட்டம். அத்தப்பூக் கோலத்துக்குப் பூ வாங்க வந்த ஜனம் வேறு. தேங்காய் உடைகிற சத்தம் ஓயவில்லை. அம்மா மனசில் இருந்ததை உரக்கச் சொல்லி வேண்டினார். "எனக்க மக அந்த ஆசுபத்திரியில போய்ச் சேரட்டுமா ஐயனே?" அப்புறம் சுற்றிப் பார்த்தார். தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண்ணைப் பிடித்தார். முப்பது வயது இருக்கும். காட்டன் சேலை, தோளில் பை, களைத்த முகம்.

"சேச்சி, இதிலொண்ணு எடுத்துத் தருமோ?" என்று அம்மா தன் மலையாளத்தில் கேட்டார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தார். அம்மா பிரித்தார். வெள்ளரளி.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளே எல்லாம் அணைந்துபோனது. சரி, இவ்வளவுதான், கேட்டாய், சொல்லிவிட்டார், இனி வாயை மூடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் முகம் மாறியதை அந்தப் பெண் பார்த்திருக்க வேண்டும்.

"எந்தினா மோளே இது?" என்று கேட்டார். எதற்காக என்று.

அம்மா பெருமையாகச் சொன்னார், மகளுக்கு நர்ஸ் வேலை, இன்ன ஆஸ்பத்திரி, பயிற்சி, மூன்று வருஷம் என்று. ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். நல்ல பிடி. நரம்பு தேடிப் பழகின விரல்.

அவர் மலையாளத்தில் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன். அவரும் நர்ஸ். அந்தத் திட்டத்தில் முதல் தடவை சேர்ந்தவர்களில் ஒருவர். ஒரிஜினல் எல்லாம் கொடுத்தார். பயிற்சி முடிந்து வேலையில் இருக்கும்போது பி.எஸ்.சி. என்கிற கேரள அரசுத் தேர்வாணைய லிஸ்டில் அவர் பேர் வந்தது. அரசாங்க வேலை. சர்ட்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நாளைக்குத் தாருங்கள், காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று ஆபீசில் போய் நின்றார். சாவி மானேஜரிடம் இருக்கிறது, மானேஜர் லீவு, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் வந்தபோது தேதி போய்விட்டது.

"சாவி இல்லை என்றார்கள். அவ்வளவுதான் காரணம்" என்றார். அழவில்லை. அதைப் பலமுறை சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப்போன குரல்.

"அப்போ அங்கே சேர வேண்டாமா சேச்சி?"

"சேரணும். எனக்குத் தெரிந்த வேலை எல்லாம் அங்கே படித்ததுதான். ஆனால் ஒறிஜினல் கொடுக்கருது. கேட்டோ மோளே? கொடுக்கருது." கொடுக்கவே கூடாது என்று. அப்புறம் இன்னொன்று சொன்னார். ஓணம் கழிந்தால் அங்கே புதிதாக இருதயப் பிரிவு திறக்கப்போகிறார்கள். நர்ஸ் போதாது. "உனக்கு அவர்களைவிட, அவர்களுக்கு உன்னைத்தான் அதிகம் தேவை. மிரட்டுவார்கள். எழுந்திருக்காமல் இரு."

அவருக்கான பஸ் வந்துவிட்டது. கிழக்கேகோட்டைப் பக்கம் ஓடினார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

திரும்பிச் சன்னதிக்கு வந்தேன். என் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது. பூ, போய்ச் சேர் என்கிறது. பூவை எடுத்தவள் கொடுக்காதே என்கிறாள். ஒரு வாயால் பேச மாட்டீரா என்று அவரைக் கேட்டேன். அம்மா என் தோளை உலுக்கினார். "வெள்ள வந்திருக்குளா. இன்னும் என்ன மொறைப்பு?"

"எம்மா, நீ என்ன கேட்டு எடுக்கச் சொன்ன?"

"போய்ச் சேரட்டுமான்னு கேட்டேன்."

"சர்ட்டிபிகேட்டக் குடுக்கட்டுமான்னு கேட்டியா?"

அம்மா யோசித்தார். "அது கேக்கல்லியே" என்றார்.

அங்கேயே எனக்குப் பதில் முழுசாகக் கிடைத்தது. போகச் சொன்னது அவர். கொடுக்காதே என்று சொல்ல ஒரு ஆளையும் அனுப்பிவிட்டார். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தேங்காய் உடைத்தார்கள். அம்மா அந்தச் சேச்சியைப் போய்ப் பிடித்தாரே! உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் தேங்காய் உடைக்கவில்லை. காரியம் முடியட்டும் என்று இருந்தேன். அவ்வளவு வீம்பு எனக்கு.

குறித்த நாளில் போனேன். ஒரிஜினலை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்கின நகல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் அறை முன் ஹாலைப் பார்த்தமாதிரி இருந்தது. பெஞ்சில் வரிசையாகப் பெண்கள், மடியில் பைல். எனக்குப் பக்கத்தில் நெடுமங்காட்டுப் பெண் ஒருத்தி, பிந்து. அவளிடம் பஸ்ஸுக்குப் போன சேச்சியின் கதையைச் சொன்னேன். அவள் பைலை இறுக்கிப் பிடித்தாள்.

என் முறை வந்தது. மானேஜர் நகலைப் புரட்டினார்.

"ஒறிஜினல் எவிடே?"

"வீட்ல இருக்கு சார். சரிபாக்கணும்னா கொண்டுவந்து காட்டுதேன். குடுக்க மாட்டேன். மூணு வருஷம் நிப்பேன்னு கையெழுத்துப் போடுதேன்."

"இது எல்லாரும் செய்யுந்ந காரியமாணு, குட்டி."

"ஒரு சேச்சிக்கு ஒரு நாளைக்குக்கூடச் சாவி கெடைக்கல்ல சார். அவங்களும் குடுத்தவங்கதானே?"

அவர் முகம் சிவந்தது. என் குரல் உயர்ந்துவிட்டது, எனக்குத் தெரியும். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எழுந்து வெளியே போ என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அப்போது ஹாலில் அப்பா நுழைந்தார். கையில் மாலை. அன்றைக்கும் அவர் வேலைக்கு வந்திருக்கிறார். கிருஷ்ணன் படத்தின் பழைய மாலையைக் கழற்றிப் புதியதைப் போட்டார். மானேஜர் அறையிலிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, மகளுக்குப் புத்தி சொல்லும். இல்லெங்கில் நாளை முதல் மாலை வேண்டா."

இதற்குத்தானே பயந்தேன். அப்பா உடைந்துபோவார் என்றுதானே சாமியிடம் சொன்னேன். அப்பா மாலையின் முடிச்சைச் சரிசெய்தார். ஆணியில் ஒழுங்காகத் தொங்குகிறதா என்று பார்த்தார். அப்புறம் அறை வாசலுக்கு வந்தார்.

"சார், நான் போடுத மாலைக்கும் எனக்க மக படிச்ச படிப்புக்கும் சம்பந்தம் கெடையாது. மாலை வேண்டாம்னா வேண்டாம். இன்னைக்குச் சாமிக்குப் போட்டத எடுக்க மாட்டேன்." என்னைப் பார்த்தார். "மக்கா, எந்திரி. போவோம்."

கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மனுஷன்தான் இவர். எனக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்தேன். எனக்குப் பின்னால் பெஞ்சில் பைல் மூடும் சத்தம். பிந்து எழுந்துவிட்டாள். "எனிக்கும் கொடுக்கான் பற்றில்ல சார்" என்றாள். தன்னாலும் கொடுக்க முடியாது என்று. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். சிலர் எழுந்திருக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்கு.

வாசல் வரை போயிருப்போம். உள்ளேயிருந்து மேட்ரன் குரல் கேட்டது. அதுவரை அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தவர். "சாரே, இவரெல்லாம் போயால் புதிய பிளாக்கில் ஞான் ஆரெ நிறுத்தும்?" என்று மானேஜரைக் கேட்டார். யாரை வைத்து நடத்துவேன் என்று. மானேஜர் எங்களைத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் நகல் போதும் என்றார்கள். ஒப்பந்தத்தில் ஒரிஜினல் என்ற வரியைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். பிந்து போட்டாள்.

மறுநாள் முதல் மாலை வேறு கடையிலிருந்து போனது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேண்டுதல் பலித்த கதைகளில் இப்படிப்பட்ட நஷ்டத்தை யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கை இறுக்கமாகத்தான் இருந்தது. அப்பா மட்டும், "அந்தப் படத்துல இருக்க கிருஷ்ணனுக்கு நம்ம கட்டு தெரியும். மத்தக் கடைக் கட்டு அவருக்குப் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபீசில் ஜெயித்த அன்றைக்கே அந்த வேகத்தோடு கோயிலுக்கு ஓடினேன். அப்பா அம்மா பின்னால் வர, தேங்காய் வாங்கி ஓங்கி அடித்தேன். சிதறின துண்டு ஒன்று திரும்பி வந்து என் காலிலேயே பட்டது. என்னிடம் வாங்கின திட்டுக்குப் பாக்கியைத் தீர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷமும் சொன்னபடி நின்றேன். பயிற்சி உண்மையிலேயே நல்ல பயிற்சி. இருதயப் பிரிவில் ஒருநாள் ஒரு ஆட்டோக்காரருக்கு மூச்சு நின்றது. பக்கத்தில் சீனியர் இல்லை. என் கை தானாகப் போனது, யோசிக்கும் முன்னே. நெஞ்சை அமுக்கினேன், ஆளைக் கூப்பிட்டேன், குழாய் எடுத்துக் கொடுத்தேன். அவர் பிழைத்தார். அன்றைக்கு என் பயம் போனது. வெள்ளைப் பூ எதற்காக வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. மல்லியைத் தேடிப்போன அம்மாவின் கைபோல, என் கையும் இப்போது ஒன்றை அறிந்துகொண்டுவிட்டது.

பணியில் இருக்கும்போதே எனக்கும் பி.எஸ்.சி.யில் பேர் வந்தது. சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். என் ஓய்வு நாளில், பெட்டியைத் திறந்து ஒரிஜினலை எடுத்து, மழைக்குப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் போய்க் காட்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிஷம்தான் அந்தச் சேச்சிக்குக் கிடைக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்பட முடியவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு உத்தரவு வந்தது. இன்று நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாப் நர்ஸ்.

சேச்சியைத் தேடினேன். முதல் தடவை சேர்ந்தவர்களில் யாரும் அந்த ஆஸ்பத்திரியில் மிச்சமில்லை; சின்னக் கிளினிக்குகளில் எல்லாம் விசாரித்தேன். பேர் தெரியாத ஆளை யாரிடம் கேட்பது? கிடைக்கவில்லை. அம்மா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார், வந்தது சாமிதான், மனுஷ ரூபத்தில் வந்து போய்விட்டார் என்று. நம் பஜனைக் கூட்டத்திலும் அப்படியே பேச்சு. எனக்கு இதில்தான் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சாமிக்கு வேலை போகாது. அந்தப் பெண்ணுக்குப் போனது. சாமிக்குச் சாவி தேவையில்லை. அந்தப் பெண் சாவிக்காக ஆபீஸ் வாசலில் நின்றாள். அவளைச் சாமி ஆக்கிவிட்டால் அவளுக்கு நடந்த அநியாயம் காணாமல் போய்விடும். சாமி அவளை எனக்கு அனுப்பினார், அதை ஆயிரம் முறை சொல்வேன். ஆனால் வந்தது ஒரு நர்ஸ். தன் வாழ்க்கை போன இடத்தின் பேரைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு போகாதவள்.

அவளுக்கும் ஒரு பதில் கொடும் என்று ஒவ்வொரு சதுர்த்திக்கும் அவரிடம் கேட்கிறேன். சாந்தமாகக் கேட்பதில்லை. நீங்களும் அப்படியே கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு போய் நில்லுங்கள். வெறுங்கையோடு போங்கள். அவர் காது பெரிய காது, சத்தம் போட்டால் சுளிக்காது. பதில் வரும். ஆனால் என்ன கேட்டீர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காததற்கும் சேர்த்துத் தலையை ஆட்டிவிடாதீர்கள்.

போன ஓணத்துக்கு முன்னால் கோயிலில் நின்றிருந்தேன். தமிழ் பேசுகிற ஒரு அம்மா, பக்கத்தில் மகள். என் முன்னால் இரண்டு இலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"அக்கா, ஒண்ணு எடுத்துத் தாங்க."

விரல் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வலதுகைப் பொட்டலத்தில் செவ்வரளி. கையை எடுத்துக்கொண்டேன்.

"எனக்கக் கை ஆகாது. நான் பூக்காரர் வீட்டுப் பிள்ள. வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் நகரப் பார்த்தார். நான் விடவில்லை. தலையைக் குனிந்து நின்ற அந்த மகளின் கையைப் பிடித்தேன்.

"எடுக்கதுக்கு முன்னால சொல்லு மக்கா. எதுக்காகப் பாக்கீங்க?"